பேஸ் கிடாருக்கு எத்தனை வாட் வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காரைக்குடியில் ஐந்து பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு நடத்தி வருகிறோம். டிரம்ஸ், இரண்டு எலெக்ட்ரிக் கிடார், கீபோர்டு ஆகியவற்றுடன் நான் பேஸ் கிடார் வாசிக்கிறேன். கானாடுகாத்தானில் நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டில் ஒத்திகை பார்க்கிறோம். திருவிழா மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் வாசிக்கிறோம். என்னிடம் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று பொருத்திய 100 வாட் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) இருக்கிறது. தனியாக வாசிக்கும்போது வீடே அதிர்கிறது. டிரம்ஸ் தொடங்கிவிட்டால் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. பேஸ் குமிழை முழுவதும் திருப்பினால் ஸ்பீக்கர் ‘டப் டப்’ என்று அடிக்கிறது. 200 வாட் ஆம்ப் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா, ஐயா? எத்தனை வாட் இருந்தால் போதும்?
– வாசகர், காரைக்குடி

பதில்: 200 வாட் ஆம்பை வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு ஈடான மாற்றம் உங்கள் காதுக்குத் தெரியாது. வாட் என்பது ஆம்ப் தன் ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய மின்திறனின் அளவு. காதில் விழும் ஒலியின் அளவு அன்று. திறனை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) மட்டுமே கூடும். குழுவின் நடுவில் நிற்பவருக்கு அது ஒலிக்குமிழைச் சற்றே நகர்த்தியது போன்ற வேறுபாடுதான். முன்னைவிட இரண்டு மடங்கு உரக்கக் கேட்கிறது என்று மனிதக் காது உணர்வதற்குப் பொதுவாக 10 டெசிபல் அளவுக்குக் கூட வேண்டும். வெறும் திறனைக் கொண்டே அதை எட்டுவதானால் 100 வாட் இருந்த இடத்தில் 1000 வாட் வேண்டும். கடைக்காரர் உங்களை ஏமாற்ற நினைத்ததாக நான் கருதவில்லை. வாட்டையும் சத்தத்தையும் ஒன்றாகவே எண்ணும் பழக்கம் நம் பக்கத்தில் மைக்செட் தொழில் செய்பவர்களிடமும் இருக்கிறது.

அதற்காக 1000 வாட்டைத் தேடி ஓடவும் வேண்டாம், ஏனெனில் உங்கள் கேள்விக்கான பாதி விடை ஸ்பீக்கரில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்கும் உணர்திறன் என்றோர் அளவு உண்டு; 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. உங்கள் பெட்டியின் உணர்திறன் 97 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 1 வாட்டைவிட 100 வாட் 20 டெசிபல் மேலே இருப்பதால், உங்கள் ஆம்ப் தன் முழு மூச்சில் 117 டெசிபல் கொடுக்கும். அதே பெட்டிக்கு 200 வாட் கொடுத்தால் 120. இப்போது அதே வகைப் பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டுக்கும் சேர்த்து 500 வாட் கொடுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களின் கூம்புகள் ஒருசேரக் காற்றைத் தள்ளுவதால் தாழ்ந்த சுரங்களில் 3 டெசிபல் தனியாகக் கிடைத்து உணர்திறன் 100 ஆகிறது. 500 வாட்டுக்கு 27 டெசிபல். ஆக மொத்தம் 127. கடைக்காரர் சொன்ன ‘இரண்டு மடங்கு’ இங்கேதான் வருகிறது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ சூடேறச் சூடேற அதன் மின்தடை கூடி ஒலி சில டெசிபல் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு பெட்டிகள் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும்போது அந்த இறக்கமும் குறைவாகவே இருக்கும். வாங்கப்போகும் பெட்டியின் உணர்திறனைக் கேட்டு அறியாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். 97க்குப் பதிலாக 100 உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுத்தால், ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்கு அது சமம்.

பேஸ் கிடாருக்கு மட்டும் இத்தனை வாட் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கிடார்காரர்கள் 50 வாட்டை வைத்துக்கொண்டே உங்களை மூழ்கடித்துவிடுவார்கள். நான்கு தந்திப் பேஸில் மிகத் தடித்த ஈ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால், அதன் அடிப்படை அதிர்வு நொடிக்கு 41 முறை, அதாவது 41 ஹெர்ட்ஸ். அந்தத் தாழ்ந்த எல்லையில் நம் காது மிகவும் மந்தமானது. எல்லாச் சுருதிகளையும் காது ஒரே அளவில் கேட்பதில்லை என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டிலேயே அளந்து வளைகோடுகளாக வரைந்து காட்டினார்கள். செவிக்கு எட்டும் மிக மெல்லிய நிலையில் ஒப்பிட்டால், 1000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 50 டெசிபல் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. ஒலி உரக்க உரக்க இந்த இடைவெளி சுருங்குகிறதே தவிர மறைவதில்லை. கோயில் வாசலில் ஊதும் நாகசுரம் மைக் இல்லாமலேயே நான்கு தெரு தாண்டிக் கேட்பது இதன் மறுபக்கம்: அதன் ஆற்றலில் பெரும்பகுதி, காது கூர்மையாக இருக்கும் இடத்தில் போய் விழுகிறது. கிடாரும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே கிடார்காரர் வைத்திருப்பதைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு வாட் பேஸ்காரருக்கு வேண்டும் என்று வாசிப்பவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு சரியானதே.

பேஸ் கிடார் பிறந்த நாள் முதலே இந்தச் சிக்கலும் கூடவே இருந்துவருகிறது. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அதற்கென்று பேஸ்மேன் என்ற ஆம்பையும் கொண்டுவந்தார். அதில் இருந்தது 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று; திறன் 30 வாட்டுக்கும் குறைவு. மேடைகள் பெரிதாகி, கிடார்களும் டிரம்ஸும் உரக்கத் தொடங்கிய பிறகு, 1969இல் ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்.வி.டி. வந்தது. அது வால்வ் எனப்படும் வெற்றிடக் குழாய்களால் இயங்கும் 300 வாட் ஆம்ப். அதனுடன் வந்த பெட்டி ஒவ்வொன்றிலும் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு இருந்தன. 300 வாட் என்ற எண்ணையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்; எனக்கோ அந்த எட்டு ஸ்பீக்கர்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. காற்றைத் தள்ளும் பரப்பு பெருகாமல் தாழ்ந்த சுரம் பெருகாது என்பதை அதை உருவாக்கியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைகொள்ள வைத்த வரிக்கு வருகிறேன். பேஸ் குமிழை முழுவதும் திருப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். பல ஆம்ப்களில் அந்தக் குமிழ் தாழ்ந்த சுரங்களை 15 டெசிபல் வரை உயர்த்தும். 15 டெசிபல் என்றால் ஏறத்தாழ 32 மடங்கு திறன். நடு ஒலிக்கு 3 வாட் மட்டுமே போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் தாழ்ந்த ஒலிக்கு உங்கள் 100 வாட்டும் தீர்ந்துபோகிறது. எஞ்சியிருப்பது ஒன்றும் இல்லை. அதற்கு மேல் ஒலியைக் கூட்டினால் ஆம்ப் அலையின் தலையை வெட்டும், ஸ்பீக்கரின் கூம்பு தன் எல்லையைக் கடந்து ஓடும். நீங்கள் கேட்கும் ‘டப் டப்’ அந்த ஓட்டத்தின் ஓசை. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட், காயில் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. கூம்பு எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை அது சொல்வதில்லை. தாழ்ந்த சுரங்களில், சூடு தாக்குவதற்கு நெடுநேரம் முன்பே, எழுதியுள்ள வாட்டில் பாதியிலேயே கூம்பு எல்லையை எட்டிவிடுவது வழக்கம்.

இந்தத் தவறை நானே செய்து ஒரு ஸ்பீக்கரை இழந்திருக்கிறேன். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊருக்கு வெளியே செம்மண் பொட்டலில் திருவிழா மேடை. சுற்றிலும் சுவரே கிடையாது. பேஸ் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கூட வாசித்தவர்கள் சொல்லச் சொல்ல, நான் குமிழைத் திருப்பிக்கொண்டே போனேன். மூன்றாவது பாட்டில் அந்த ‘டப்’ தொடங்கியது. ஆறாவது பாட்டில் நின்றுவிட்டது, பேஸும் கூடவே நின்றது. மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து எட்டுத் திருகாணிகளையும் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்தபோது, வார்னிஷ் கருகிய வாடை முகத்தில் அடித்தது. இரண்டு கட்டைவிரல்களையும் கூம்பின் இரு பக்கத்திலும் சமமாக வைத்து மெல்ல அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டிய கூம்பு, உரலில் மணல் அரைபடுவதுபோல் கரகரத்தது. உள்ளே செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய காயில் புளியங்கொட்டையின் நிறத்தில் இருந்தது. உங்கள் ஸ்பீக்கரை ஒருமுறை இப்படி அழுத்திப் பாருங்கள். கரகரப்பு இல்லையென்றால் இன்னும் பிழைத்திருக்கிறது.

அன்று நான் செய்திருக்க வேண்டியது குமிழைத் தலைகீழாகக் கையாள்வது. அதாவது பேஸ் குமிழை நடுவில் வைத்துவிட்டு, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடு ஒலியைச் சற்றே கூட்டியிருக்க வேண்டும். தந்தியை மீட்டும்போது 41 ஹெர்ட்ஸ் மட்டும் எழுவதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து எழுகின்றன. அந்த மேல் மடங்குகள் காதில் தெளிவாக விழுந்தால், அடிச்சுரம் மெலிந்திருந்தாலும் மூளை அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். டீக்கடையில் தொங்கும் சின்ன ரேடியோவின் உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. அதிலும் பாட்டின் பேஸ் நடையை நாம் தொடர்ந்து கேட்கிறோம் அல்லவா? தனியாக வாசிக்கும்போது பேஸ் குமிழைக் கூட்டி நடு ஒலியைக் குறைத்தால் கிடைக்கும் கனம் மிகவும் இனிமையானது. எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் அந்த ஒலி குழுவுக்குள் நுழைந்ததும், டிரம்ஸின் காலடி முழக்கம் அதன் அடிப்பகுதியையும் கிடார்கள் அதன் மேல்பகுதியையும் எடுத்துக்கொள்ள, உங்களுக்கென்று மிச்சம் இருப்பதில்லை. வீடு அதிர்ந்தும் உங்கள் வாசிப்பு உங்களுக்கே கேட்காமல் போவதன் காரணம் இதுதான். புது ஆம்ப் வாங்கும் முன் இந்த ஒரு மாற்றத்தைச் செய்து ஓர் ஒத்திகை பாருங்கள். உங்கள் குறையில் பாதி காசு செலவின்றித் தீரும் என்று நம்புகிறேன்.

மீதிப் பாதிக்கு என் பரிந்துரை இது: 4 ஓமில் 500 வாட் கொடுக்கும் ஆம்ப் ஒன்றும், 8 ஓம் பெட்டிகள் இரண்டும். ஓம் என்பது மின்தடையின் அளவு; 8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்து மாட்டினால் 4 ஓமாகும். இரண்டையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் ஆம்பையும் ஒரு பெட்டியையும் வாங்குங்கள். 8 ஓமில் அந்த ஆம்ப் ஏறத்தாழ 300 வாட் கொடுக்கும். 97 உணர்திறன் உள்ள பெட்டியில் அதுவே 122 டெசிபல் அளவுக்கு வரும், அதாவது இப்போதைக்கு 5 டெசிபல் கூடுதல். அடுத்த திருவிழாப் பருவத்துக்குள் இரண்டாவது பெட்டியைச் சேர்த்தால் மீதி 5 டெசிபலும் வந்து சேரும். முதல் பெட்டி எந்த வகையோ அதே வகையில் இரண்டாவதையும் வாங்குங்கள். ஒன்று 15 அங்குலம், மற்றொன்று 10 அங்குலம் என்று கலந்தால் சில சுரங்களில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு கொண்ட பெட்டியா, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றா என்பது உங்கள் தோள் வலிமையையும் வண்டியில் உள்ள இடத்தையும் பொறுத்தது. அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

500 வாட்டும் எப்போதும் செலவாகிக்கொண்டிருக்காது. மீட்டிய பேஸ் தந்தியின் ஒலி, சராசரியைவிட 10 டெசிபலுக்கும் மேலாக ஒரு கணம் எகிறி உடனே தணியும். சராசரியாக 20 வாட்டில் வாசித்துக்கொண்டிருந்தாலும், தந்தியைத் தொடும் அந்தக் கணத்துக்கு 200 வாட்டுக்கு மேல் தேவைப்படும். கட்டைவிரலால் தந்தியைத் தட்டி வாசிப்பவராக இருந்தால் இன்னும் அதிகம். அந்த உச்சத்துக்கு இடம் இல்லாதபோதுதான் வாசிப்பு மொத்தையாகி, விரலின் அழுத்த வேறுபாடுகளெல்லாம் ஒரே தட்டையாகக் கேட்கின்றன. கூடுதல் வாட்டை நான் கேட்பது காதைப் பிளப்பதற்காக அன்று; நீங்கள் மீட்டிய விதமே வெளியே கேட்க வேண்டும் என்பதற்காக.

ஒத்திகை நடக்கும் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சில் கண்ணாடிபோல் மழமழவென்று இருக்கின்றன, தரையில் ஆத்தங்குடிக் கல், தேக்குத் தூண்கள். இவற்றில் எதுவும் ஒலியை உறிஞ்சுவதில்லை. டிரம்ஸின் தாளத்தட்டும் ஸ்னேரும் இந்தச் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பிப் பெருகுவதால், கிடார்காரர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளக் கூட்டுகிறார்கள், பிறகு நீங்கள் கூட்டுகிறீர்கள். டிரம்ஸின் அடியிலும் பின்புறச் சுவரிலும் தடித்த ஜமுக்காளங்களைப் போட்டால் இந்தப் போட்டி சற்றே தணியும். ஜமுக்காளம் தாழ்ந்த சுரத்தைத் தொடாது. அதன் கணக்கு வேறு. நம் ஊர் வெக்கையில் 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 28 அடி. ஆகையால் 14 அடி நீள அறையில் ஈ தந்தி சுவரோரத்தில் முழங்கும், அறையின் நடுவில் நின்றால் ஏறக்குறைய மறைந்துபோகும். அங்கே எத்தனை வாட் கொட்டினாலும் பயனில்லை; இரண்டடி தள்ளி நின்றால் போதும். மூடிய அறையில் வாசிப்பதைவிட, வானம் பார்த்த முற்றத்தை ஒட்டிய வளவில் வாசிப்பது உங்கள் குழுவுக்கு நல்லது. பெட்டியை மூலையில் ஒட்டி வைக்காதீர்கள். ஒலி பெருகும், தெளிவு போய்விடும். தரையில் வைக்காமல் முக்காலி மேலோ மரப்பெட்டி மேலோ ஏற்றி வையுங்கள். உங்கள் முழங்காலுக்கு இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் நடு ஒலி காதுக்குக் கேட்கத் தொடங்கும்.

திறந்தவெளி மேடையில் நிலைமை வேறு. தடுக்கச் சுவர் இல்லாத இடத்தில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் இறங்கும். மேடையருகே 1 மீட்டரில் 127 டெசிபலாக இருந்த உச்சம், 32 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவரிடம் 97 ஆகத்தான் போய்ச் சேரும். சராசரி அதற்கும் 10 டெசிபல் கீழே. ஆகவே கூட்டத்துக்குப் பேஸைக் கேட்கச் செய்யும் பொறுப்பை உங்கள் ஆம்பின் தலையில் சுமத்தக் கூடாது. ஆம்பின் பின்புறம் டி.ஐ. என்று குறித்த துளையிலிருந்து ஒரு மைக் கேபிளை மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டால், சவுண்ட் சர்வீஸ்காரரின் 18 அங்குலப் பெட்டிகள் அந்த வேலையைச் செய்துகொள்ளும். அந்தத் துளை இல்லாத ஆம்பை வாங்காதீர்கள். சில ஊர்களில் பேச்சுக்கான குழாய் ஸ்பீக்கர்களும் சிறு பெட்டிகளும் மட்டுமே கட்டியிருப்பார்கள். அங்கே பேஸ் உங்கள் பெட்டியிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்பதால், முன்பணம் வாங்கும்போதே என்ன பெட்டிகள் வருகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் ஆம்பில் ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்று எழுதியிருக்கிறது. 4 ஓம் பெட்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இன்னொரு 4 ஓம் பெட்டி விலைக்கு வருகிறது. இரண்டையும் மாட்டலாமா? பின்புறம் இரண்டு துளைகள் இருக்கின்றனவே?
– வாசகர், புதுவயல்

பதில்: மாட்டக் கூடாது. அந்த இரண்டு துளைகளும் இணைச்சுற்றில் இருப்பவை. இரண்டு 4 ஓம் பெட்டிகள் சேர்ந்து 2 ஓமாகிவிடும். ஆம்ப் தன்னால் தாங்க முடியாத மின்னோட்டத்தைக் கொடுக்க முயன்று சூடாகி, பாதுகாப்புச் சுற்று இருந்தால் நடுப்பாட்டில் அணையும், இல்லாவிட்டால் எரியும். இரண்டு 8 ஓம் பெட்டிகளுக்காகத்தான் இரண்டு துளைகள். வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: பெட்டியை மாட்டாமல் அதை ஒருபோதும் வாசிக்காதீர்கள், டிரான்சிஸ்டர் ஆம்ப் பொறுத்துக்கொள்ளும், வால்வ் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் பொறுத்துக்கொள்ளாது. ஆம்புக்கும் பெட்டிக்கும் இடையில் கிடார் வயரைப் போடுவதும் தவறு. அதன் உள்கம்பி மெல்லியது. ஸ்பீக்கருக்கு உரிய தடித்த இரட்டைக் கம்பியே வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் உள்ள பாட்டுக் கேட்கும் செட்டின் அட்டைப்பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ. 2000 வாட்’ என்று போட்டிருக்கிறது. பேஸ் கிடாரை அதில் செருகி வாசிக்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். பி.எம்.பி.ஓ. என்பது உச்சத் திறன் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் எண்; அதற்குப் பொதுவான அளவுமுறை எதுவும் கிடையாது. விற்பவர் விரும்பிய எண்ணை அதில் போட முடியும். செட்டின் பின்புறம், மின்சாரம் எவ்வளவு எடுக்கும் என்று ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் 60 வாட் என்று இருந்தால், சுவரிலிருந்து 60 வாட் மட்டுமே எடுக்கும் கருவி தொடர்ந்து அதைவிட அதிகமாக ஸ்பீக்கருக்குக் கொடுக்க வழியே இல்லை. பதிவு செய்த பாட்டில் உச்சங்களை முன்கூட்டியே அடக்கி வைத்திருப்பார்கள். நேரடியாக மீட்டும் தந்திக்கு அந்த அடக்கம் கிடையாது. முதல் நாளே கூம்பு கிழிந்துவிடக்கூடும். ஆம்ப் வாங்கும்போது ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து கொடுக்கக்கூடிய திறன்) எவ்வளவு, அது எத்தனை ஓமில் என்ற இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி: ஐந்து தந்திப் பேஸுக்கு மாறப்போகிறேன். இப்போதைய 300 வாட் போதுமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: ஆம்ப் போதும், பெட்டி தாங்குமா என்பதைப் பாருங்கள். ஐந்தாவது தந்தியான பி, 31 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதே அளவு ஒலியை அங்கே எழுப்ப, ஈ தந்திக்கு ஓடிய தூரத்தைப்போலக் கூம்பு ஏறத்தாழ 1.8 மடங்கு ஓட வேண்டும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள வீண் அசைவுகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்றை வழியில் வைத்தால் பெட்டி நிம்மதியாக இருக்கும். தந்தியில் கை படும்போது எழும் அதிர்ச்சிகளும் ஸ்பீக்கரைத் தாக்காது.

கேள்வி: என் மகன் இசைக்குழுவில் பேஸ் வாசிக்கிறான். பெரிய ஆம்ப் வேண்டும் என்று கேட்கிறான். வாங்கிக் கொடுக்கத் தயங்கவில்லை. ஆனால் அவன் காது கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அக்கம்பக்கத்தாரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.
– ஒரு தாய், கோட்டையூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. ஆனால் ஆபத்து ஆம்பின் அளவில் இல்லை. எத்தனை டெசிபலில், எவ்வளவு நேரம் என்பதில் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரத்தை எல்லையாகப் பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 94 டெசிபலில் 1 மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். டிரம்ஸ் வாசிக்கும் மூடிய அறை 100 டெசிபலை எளிதில் எட்டும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பான் எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ சமமாகக் குறைப்பதால் வாசிப்பு கெடாது; ஆம்போடு அதையும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். பஞ்சை வைத்துக்கொள்வது போதிய பாதுகாப்பாகாது.

ஒலி மாசு குறித்த 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம்; வீட்டு ஒத்திகைக்கு அது பொருந்தாது. தாழ்ந்த சுரம் சுவரை ஊடுருவிப் போகக்கூடியது என்பதால், கதவைச் சாத்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்பது பேஸ் மட்டுமாகவே இருக்கும். பிள்ளை தனியாகப் பயிற்சி செய்யும் நேரத்தில் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளட்டும். குழுவோடு வாசிக்கும்போது மட்டும் பெட்டியைத் திறக்கட்டும். அப்போதும் பெட்டியைக் காதின் உயரத்துக்கு ஏற்றி வைத்தால், இப்போது வைக்கும் சத்தத்தைவிடக் குறைவாக வைத்தே அவனால் தன்னைக் கேட்டுக்கொள்ள முடியும். ஒத்திகை முடிந்து வீடு திரும்பிய இரவில் காதுக்குள் ‘கொய்ங்’ என்ற இரைச்சல் இருப்பதாக அவன் சொன்னால் அடுத்த ஒத்திகையைத் தள்ளிவையுங்கள். அது இரண்டொரு நாளில் அடங்கவில்லை என்றால் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.